முக்கு வீட்டுத் தம்பிதுரை

எங்கள் ரங்கநாயகி லேஅவுட்டில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பக்கத்து வீட்டு நாய் காரணமில்லாமல் குரைத்தாலும், தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்தாலும், எல்லோரும் போய் நிற்பது தம்பிதுரை வீட்டு வாசலில்தான். அவர் மாநகராட்சியில் வேலை பார்த்தவரல்ல. ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் வீடு அமைந்த இடம் அப்படி. மூன்று தெருக்கள் வந்து முட்டும் முக்கில் ஒரு முக்கோண மனை. அதில் சின்னதாக ஒரு மாடி வீடு. காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால் மூன்று தெருவும் அவரைப் பார்க்கும். ஒளிந்துகொள்ள இடமில்லாததால்தான் அவர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார் என்பது என் கட்சி.

அவர் மனைவி சுப்பாத்தாள் இதை ஒத்துக்கொள்வதில்லை. "அதெல்லாம் இல்லீங்க. அவருக்கு முடியாதுன்னு சொல்ற வாயே கெடையாது. ஆகட்டுங்க, ஆகட்டுங்கன்னு தலையாட்டியே மாட்டிக்கிட்டாரு" என்பார்.

நான் இங்கே இருக்கும் ஒரே ஆறு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். பால்கனியில் நின்றால் பாதி லேஅவுட்டின் காம்பவுண்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியும். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி நானே பார்த்தது. மீதி சுப்பாத்தாள் சொன்னது.

அறுபது வருஷத்துக்கு முன்னால் இது பருத்திக்காடு. ஒரு மில் முதலாளி அதை வாங்கி, மனை பிரித்து, தன் தாயார் பெயரை வைத்தார். எங்கள் தெருக்கள் அத்தனையும் கல்யாண மண்டபம் போல அகலம். முதலாளிக்குக் காரை ரிவர்ஸ் எடுக்க வராது, எங்கே வேண்டுமானாலும் அப்படியே திருப்பிக்கொள்ளத்தான் இவ்வளவு அகலம் விட்டார் என்று சொல்வார்கள். மில் மேனேஜர்களும் டாக்டர்களும் முதலில் வந்தார்கள். எல்லா மனையும் போன பிறகு முக்கோணம் ஒன்று மட்டும் மிஞ்சியது. மூணு மூலை மனையில் வீடு கட்டினால் குடும்பம் விளங்காது என்று எல்லோரும் பயந்தார்கள். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த தம்பிதுரையின் அப்பாவுக்கு வேறு எதுவும் கட்டுப்படியாகாததால் அவருக்கு அந்தப் பயம் வரவில்லை.

குடும்பம் நன்றாகத்தான் விளங்கியது. சுற்றிலும் இருந்த ஓட்டு பங்களாக்கள் போய், தூண் வைத்த வீடுகளும் கண்ணாடி வைத்த வீடுகளும் வந்தன. முக்கு வீடு மட்டும் அப்படியே இருந்தது. வாஸ்து பார்ப்பவர்கள் இன்றைக்கும் தங்கள் சீடர்களைக் கூட்டி வந்து எதிர்ப்பக்கம் நின்று அதைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் முக்கில் நின்றிருந்த தம்பிதுரையை வாட்ச்மேன் என்று நினைத்து ஹாரன் அடித்தார். தம்பிதுரை போய் அவர் வீட்டு கேட்டைத் திறந்துவிட்டு, கார் உள்ளே போனதும் சாத்திவிட்டும் வந்தார்.

"ஏனுங்க, நான் செயலாளருன்னு சொல்லக்கூடாதா?" என்று சுப்பாத்தாள் கேட்டார்.

"கேட்டுப் பக்கத்துல நான்தான நின்னேன். அவரு எறங்கி வாரதுக்கு நேரமாவுமல்ல" என்றார் தம்பிதுரை.

முந்தைய செயலாளர் மகனோடு இருக்க கனடா போனபோது, பூங்காவில் கூட்டம் போட்டார்கள். அடுத்து யார் என்றதும் வந்திருந்த அத்தனை பேரும் செல்போனைப் பார்த்தார்கள். தம்பிதுரையின் செல்போனில் அன்று சார்ஜ் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். "தம்பிதுரை இருக்காரல்லங்க" என்று வெங்கடபதி சொல்ல, "ஆகட்டுங்க" என்று இவர் சொல்ல, கூட்டம் முடிந்தது.

வெங்கடபதி யாரென்றால், மனை பிரித்த மில் முதலாளியின் பேரன். மில் இப்போது இல்லை. பேரன் நூல் ஏற்றுமதி செய்கிறார். லேஅவுட்டில் ஒரு வேப்பமரம் விழுந்தால்கூடத் தன் குடும்பத்துச் சொத்து விழுந்த மாதிரி வெளியே வந்து நிற்பார்.

இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கேட் தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கேட் தானாக மூடும். பழக்கமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். தினமும் காலையில் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொள்வார்கள். அதே ஆள் பூங்காவில் எதிரே வந்தால் யாரென்று தெரியாது. உக்கடத்தில் பித்தளை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பஷீர் இரண்டாம் தெருவில் குடியேறிப் பல வருஷம் ஆன பிறகுதான், எதிர்வரிசையில் இருக்கும் பல் டாக்டர் ஹாரிகா அவரிடம், "நீங்கதான் அந்த மஞ்ச ரோஜாங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க அம்மணி, நீங்க செவப்பா?" என்றார் பஷீர்.

இப்படி இருந்த இடத்தில்தான் மயில் வந்தது.

வைகாசியில் ஒரு காலை. வெங்கடபதி முக்கு வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க தம்பிதுரை, சித்தெ என்ற ஊடு வரைக்கும் வாரீங்களா?"

வெங்கடபதியின் கார் கறுப்பு. ஆளின் மீசை நுனிகூடத் தெரியும் அளவுக்குத் துடைத்து வைத்திருப்பார். அதன் கதவு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். தம்பிதுரை குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இது யாரு வேலைன்னு எனக்குத் தெரியுமுங்க" என்று வெங்கடபதி மதில்சுவருக்கு அந்தப்பக்கம் கண்ணைக் காட்டினார். அந்தப்பக்கம் ஹாரிகாவின் வீடு. முன்பக்கச் சுவரும் கூரையும் முழுக்கக் கண்ணாடி. வெங்கடபதி வீட்டு மாமரம் அந்தக் கண்ணாடிக் கூரை மேல் இலை உதிர்ப்பது பற்றி இரண்டு வீட்டுக்கும் பழைய தகராறு. "பல்லு டாக்டருங்க அவங்க. கூர்மையா எத்தன சாமான் வெச்சிருப்பாங்க? நீங்க செயலாளர். நீங்கதான் போயி நயமாக் கேக்கோணும்."

"ஆகட்டுங்க" என்றார் தம்பிதுரை.

அன்று பொழுதோடு ஹாரிகாவின் வீட்டுக்குப் போனார். ஒரு டாக்டரிடம், நீங்கள் ராத்திரியில் மதில் ஏறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக் காரைக் கீறினீர்களா என்று எந்த நயத்தில் கேட்பது? வெயிலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார். கடைசியில் ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது ஹாரிகா, "ஒரு நிமிஷம் அப்படியே இருங்க சார்" என்று செல்போன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார்.

வெங்கடபதி கேட் பக்கமே காத்திருந்தார். "கேட்டீங்களா?"

"வாயத் தொறந்தேனுங்க" என்றார் தம்பிதுரை. "கீழ் வரிசையில ஒண்ணு சொத்தைங்களாம். வர்ற செவ்வாக்கெழம வரச் சொல்லியிருக்கறாங்க."

மறுநாள் மறுபடி கீறல். இந்த முறை எதிர்வீட்டுக்காரரான பஷீர் தன் வீட்டுக் கேமராவில் பார்க்கலாம் என்றார். வெங்கடபதி, தம்பிதுரை, சத்தம் கேட்டு வந்த ஹாரிகா என்று நாலு பேரும் பஷீர் வீட்டு ஹாலில் டீ குடித்துக்கொண்டு டிவியில் போட்டுப் பார்த்தார்கள். விடிகிற நேரம். வெறும் கார். திடீரென்று மதில் மேலிருந்து ஒரு மயில் இறங்கி, கார் கதவுக்கு நேரே நின்று, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தது. பின்வாங்கியது. தோகையை விரித்தது. பிறகு ஓங்கி ஒரு உதை.

பஷீர் அந்த இடத்தை மறுபடி ஒருமுறை ஓட்டிக் காட்டினார்.

"அதுக்கு என்ற கார் மேல என்னங்க கோவம்?" என்றார் வெங்கடபதி.

"கார் மேல இல்லீங்க. உள்ள தெரியறது இன்னொரு ஆம்பள மயிலுன்னு நெனச்சுக்குது. எடத்துக்குப் போட்டி" என்றார் பஷீர்.

ஹாரிகா மட்டும் வெங்கடபதியைப் பார்த்து, "ராத்திரி மதில் ஏறினது நான்னு நெனச்சீங்களா சார்?" என்று கேட்டார். வெங்கடபதி டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதுரை, "பிஸ்கட் நல்லா இருக்குதுங்க" என்றார்.

மயிலைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி வனத்துறைக்கு போன் போட்டார் தம்பிதுரை. எடுத்தவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: தேசியப் பறவை, தொடக்கூடாது, விரட்டக்கூடாது, சீசன் முடிந்தால் தானாக அடங்கிவிடும், அதுவரைக்கும் கண்ணாடி மாதிரி மின்னுவதை மூடி வையுங்கள். எங்கள் லேஅவுட்டில் மின்னாத பொருள் என்று சொல்ல அதிகம் இல்லை.

வெங்கடபதி கடையில் போய் வெள்ளி நிறத்தில் கார் கவர் வாங்கி வந்து மாட்டினார். அது காரைவிட அதிகமாக மின்னியது. மயில் அதைக் கிழித்துவிட்டுக் காரையும் உதைத்தது. மூன்றாவது தெருவில் இரண்டு கார், நான்காவது தெருவில் ஒன்று என்று வரிசையாகக் கீறல் விழுந்த பிறகு, பஷீர்தான் வழி சொன்னார்: "பழைய பெட்ஷீட்டப் போட்டு மூடிருங்க. பவுசு பாக்காதீங்க."

தம்பிதுரை அதையே சங்கத்தின் வேண்டுகோளாகக் குழுவில் போட்டார். இரண்டு நாளில் எங்கள் லேஅவுட்டின் முகமே மாறியது. வெங்கடபதி கார் மேல் பவானி ஜமுக்காளம். எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதியின் கார் மேல் அவர் மனைவியின் நைந்த பட்டுச்சேலை. பஷீர் வீட்டில் நாலு லுங்கியைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஹாரிகாவின் கார் மேல் பொம்மை யானை போட்ட போர்வை. சுப்பாத்தாள் காலையில் ஒரு சுற்று நடந்து போய்வந்து, யார் வீட்டுப் போர்வையில் எத்தனை கிழிசல் என்று எனக்குச் சொல்வார். "பங்களாக்காரங்க ஊட்டுலயும் நம்மளாட்டமேதானுங்க தலவாணி உறையத் தச்சுத் தச்சுப் போடறாங்க" என்று அவருக்குப் பெரிய ஆறுதல். லேஅவுட்டுப் பெண்கள் அவரைச் சுபா மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். போர்வைகள் வெளியே வந்த பிறகு ஒருவர் இருவர் சுப்பக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தம்பிதுரையின் ஸ்கூட்டரை மயில் ஒருநாள் சுற்றிவந்து பார்த்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டது.

கார்களை மூடியதும் மயில் ஹாரிகாவின் கண்ணாடிச் சுவருக்கு வந்தது. அங்கே தலை முதல் தோகை வரை முழு எதிரியே நின்றான். விடிந்ததிலிருந்து டங் டங்கென்று சத்தம். அவர் தூங்காத கண்ணோடு முக்கு வீட்டுக்கு வந்து, "ஏதாவது பண்ணுங்க சார்" என்றார். தம்பிதுரை "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டில் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள்களையும் ஒரு சட்டி மைதாப் பசையையும் எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் அவரும் ஹாரிகாவும் சேர்ந்து கண்ணாடி முழுக்க ஒட்டி முடித்தார்கள். வாடகைக்கு விடப்போகிற கடை மாதிரி ஆகிவிட்டது வீடு.

அடுத்த நாள் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அந்தச் சுவர் முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். நாள்பட்ட செய்தி என்றாலும் நின்று படிப்பதில் ஒரு சுகம் இருந்தது. நீதிபதி ஒரு வழக்குச் செய்தியின் கடைசிப் பத்தி வேறொரு தாளுக்கு அடியில் போய்விட்டதென்று வருத்தப்பட்டார். நிற்கிற ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரிகா காபி கொடுத்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. எங்கள் லேஅவுட்டில் அறுபது வருஷமாக நடக்காத ஒன்று, தெருவில் நின்று ஊர்க்கதை பேசுவது, அந்தச் சுவரின் முன்னால்தான் தொடங்கியது.

அப்படிப் பேசியதில்தான் வைரவிழாவும் வந்தது, வம்பும் வந்தது.

அறுபதாம் ஆண்டு என்று சொன்னது நீதிபதி. பூங்காவில் ஒரு பித்தளைப் பலகை வைத்து, லேஅவுட்டின் வரலாற்றை நாலு வரியில் எழுதலாம் என்றது பஷீர். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அன்று மாலையே வெங்கடபதி முக்கு வீட்டுக்கு வந்து, "மொத வரி எங்க தாத்தா பேருதானுங்களே?" என்றார்.

"ஆகட்டுங்க" என்றார் தம்பிதுரை.

மறுநாள் காலை பொங்கியண்ணன் வந்தார். பெருந்துறையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர். தெற்குக் கடைசியில் பெரிய வீடு. மில் முதலாளிக்கு இந்தப் பருத்திக்காட்டை விற்றது அவருடைய தாத்தா. கொங்கு வழக்கப்படி அவர் அப்பாரு என்றுதான் சொல்வார். "தம்பிதுரை, எங்கப்பாரு காடு குடுக்காட்டி இந்த லேஅவுட்டே ஏது? இவுங்க தாத்தா ஆகாசத்துலயா மனை பிரிச்சிருப்பாரு? மொத வரி எங்கப்பாரு பேருதான் வரோணும். வித்தவருன்னு போட்றாதீங்க, நல்லா இருக்காது. வழங்கியவருன்னு போடுங்க."

"ஆகட்டுங்க" என்றார் தம்பிதுரை.

உள்ளேயிருந்து இரண்டு ஆகட்டுங்களையும் கேட்ட சுப்பாத்தாள், பொங்கியண்ணன் போனதும் வெளியே வந்தார். "ஏனுங்க, ஒரு பலகைக்கு எத்தன மொத வரி?"

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடத் தம்பிதுரை கவனிக்கவில்லை என்றார் சுப்பாத்தாள். ரெண்டு பேரும் தன்மேல் வைத்த நம்பிக்கை அவர் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது. ஒருவரிடம் இல்லை என்று சொல்லப் போனார். வெங்கடபதி வீட்டில் நெய் மணக்கப் பொங்கல் போட்டார்கள், சாப்பிட்டுவிட்டு வந்தார். பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனார். அவர் ஒரு குலை இளநீரை ஸ்கூட்டரில் கட்டிவிட்டார்.

"பலகைக்கு ரெண்டு பக்கம் இருக்குதல்லங்க. இந்தப்பக்கம் ஒருத்தரு, அந்தப்பக்கம் ஒருத்தரு. ரெண்டுலயும் மொத வரிதான்" என்றார் சுப்பாத்தாள், இளநீரை இறக்கிக்கொண்டே.

தம்பிதுரை அன்று நன்றாகத் தூங்கினார். ஆனால் செய்தித்தாள் சுவரின் முன்னால் விஷயம் வெளியே வந்ததும் அடுத்த கேள்வி கிளம்பியது. எந்தப் பக்கம் பூங்கா கேட்டைப் பார்த்து இருக்கும்? வெங்கடபதி தன் பக்கம் என்றார். பொங்கியண்ணன் தன் பக்கம் என்றார்.

"வழங்கியவராமா? எங்க தாத்தா சும்மாவா வாங்குனாரு?" என்று வெங்கடபதி கேட்டார்.

"உங்க தாத்தனுக்கு வண்டி ரிவர்ஸ் எடுக்க வராதுன்னு எங்கப்பாரு சேத்து நெலம் குடுத்தாருங்க. அதையும் பலகையில போடலாமுங்களா?" என்றார் பொங்கியண்ணன், மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

எங்கள் ஊரில் சண்டை முற்ற முற்ற 'ங்க' கூடிக்கொண்டே போகும். அன்று அங்கே விழுந்த 'ங்க'வைக் கேட்டு நீதிபதியே இரண்டடி தள்ளி நின்றார்.

பஷீர்தான் நடுவில் வந்தார். "எதுக்குங்க வாக்குவாதம்? நடுவுல ஒரு கம்பத்த நட்டு, மேல பேரிங் வெச்சுச் சுத்தற மாதிரி மாட்டிரலாம். பம்புசெட்டு மோட்டாருக்குப் போடற பேரிங்கே கெடக்குது. யாரு வேணும்னாலும் அவங்கவங்க பக்கத்தத் திருப்பிக்கலாம்."

மோட்டாரும் பேரிங்கும் வைத்துத் தீராத பிரச்சினை கோயமுத்தூரில் கிடையாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். இருவருக்கும் பிடித்தது. திறந்து வைக்க யார் என்ற கேள்விக்கு, தீர்ப்புச் சொல்லிப் பழகியவர், ஒரு பக்கமும் சாயமாட்டார் என்று நீதிபதியைப் போட்டார்கள். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். நல்ல காரியத்துக்கு ஆடி வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்; கல்யாண மண்டபத்து நாற்காலிகள் ஆடியில்தான் காலியாகக் கிடைக்கும் என்று தம்பிதுரை சொன்னார். ஆடியில் இன்னொன்றும் உண்டு என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று.

விழா அன்று காலை லேஅவுட்டே பூங்காவில் இருந்தது. பலகையைப் பட்டுத்துணி போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பஷீர் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருந்தார். தம்பிதுரை வெள்ளை வேட்டி சட்டையில் மைக்கைப் பிடித்து, இரண்டு குடும்பத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், எது முதலில் என்று யாருக்கும் கேட்கக்கூடாது என்று பழகி வைத்திருந்தார். பேசும்போது காற்று அதைப் பாதியோடு கொண்டுபோய்விட்டது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

நீதிபதி கயிற்றை இழுத்தார். துணி பறந்து ஹாரிகாவின் தலையில் விழுந்தது. பலகை ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு ஆடிக் காற்று அதன் விளிம்பில் பிடித்தது.

பஷீர் வைத்தது நல்ல பேரிங். பலகை சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக: வெங்கடபதியின் தாத்தா, பொங்கியண்ணனின் அப்பாரு, வெங்கடபதியின் தாத்தா. பிறகு வேகம் கூடி, இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். காலை வெயில் பட்டுப் பித்தளை பளீர் பளீரென்று பூங்கா முழுக்க வெளிச்சத்தை வீசியது. முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வேப்பமரத்துக்கு மேலே ஒரு அகவல் கேட்டது.

பல வாரங்களாகக் கார்களை மூடி, கண்ணாடியை மூடி, லேஅவுட்டில் ஒரு எதிரியும் இல்லாமல் பண்ணி வைத்திருந்தோம். இப்போது ஒன்றல்ல, சுற்றிச் சுற்றி நூறு மயில்கள் அந்தக் கம்பத்தின் மேல் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலிகளுக்கு மேலே தாழப் பறந்து வந்து இறங்கியது. தோகையை விரித்தது. சுற்றுகிற பலகையை உதைக்கப் போனது. பலகை அதைத் திருப்பி அறைந்தது. மயில் இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். மீதிப் பேர் செல்போனை எடுத்தார்கள்.

"ஐயோ, தேசியப் பறவைங்க, அடிபட்டா கேஸாயிரும்" என்றார் நீதிபதி.

அப்போதுதான் தம்பிதுரை மைக்கை எடுத்தார். அவர் வாயிலிருந்து யாரும் எதிர்பார்க்காத குரல் வந்தது. "வெங்கடபதி, பொங்கியண்ணா, ரெண்டு பேரும் ஓடி வாங்க. பலகையப் புடிங்க. யாரு பேரு எந்தப்பக்கம்னு பாக்காதீங்க. மயில் சாகறதுக்குள்ள புடிங்க."

இருவரும் ஓடினார்கள். வெங்கடபதிக்கு அறுபத்து நாலு வயசு. பொங்கியண்ணன் இன்னும் இரண்டு கூட. ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து, சுற்றுகிற பித்தளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்கள். பலகை நின்றது. இரண்டு பக்கத்தையும் இரண்டு உடம்பு மூடிக்கொள்ள, மின்னல் அடங்கியது. மயில் எதிரியைக் காணாமல் அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பார்த்தது. எம்பிப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்து, தோகையை வெங்கடபதியின் முதுகில் போட்டுக்கொண்டு, இறகைக் கோதிக்கொள்ள ஆரம்பித்தது.

அசைந்தால் மறுபடி ஆரம்பித்துவிடும் என்று இருவரும் அப்படியே நின்றார்கள். கட்டிப்பிடித்த மாதிரி, நடுவில் ஒரு பலகை மட்டும்.

"போயிருச்சுங்களா?" என்று வெங்கடபதி மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. உங்க தலைக்கு நேர மேலதான்" என்றார் பொங்கியண்ணன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா மொத மொத இந்தக் காட்டப் பாக்க வந்தப்ப எங்கப்பாரு ஊட்டுலதான் சாப்புட்டாராம். வண்டி வரப்புல மாட்டிக்கிச்சாம். மூணு நாளு எங்க மாட்டுச்சாளைக்குள்ளயே நின்னுச்சாம், தெரியுங்களா?" என்றார்.

"எங்க தாத்தா சொல்லியிருக்கறாருங்க. ஆனா வண்டி பழுதாயிருச்சுன்னுதான் சொன்னாரு" என்றார் வெங்கடபதி. முதுகு குலுங்காமல் சிரிப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மயில் போக அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அதுவரை அவர்கள் அப்படியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுப்பாத்தாள் இருவருக்கும் ஸ்ட்ரா போட்டு மோர் கொடுத்தார். கேட் பக்கம் நின்று நான் எடுத்த போட்டோவில் இரண்டு முதுகும் ஒரு மயிலும் மட்டும் இருக்கின்றன. ஒரு எழுத்துகூடத் தெரியாது. குழுவில் அன்று யாரும் ரோஜாப்பூ அனுப்பவில்லை. அந்தப் போட்டோவைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தம்பிதுரை வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நான் ரொம்பச் சத்தமாப் பேசிப்போட்டனா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தானுங்க" என்றார் சுப்பாத்தாள். "இன்னொரு வாட்டி பேசறதா இருந்தா, மைக்க வாயில இருந்து சித்தெ தள்ளிப் புடிங்க. எரையுது."

மறுநாள் காலை அவர் இரண்டு வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்கப் போனார். இரண்டு வீட்டிலும் ஆள் இல்லை. இருவரும் ஹாரிகா வீட்டுச் சுவரின் முன்னால் காபி குடித்துக்கொண்டு, வண்டி மாட்டிய வரப்பு இப்போது எந்தத் தெரு என்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் தெருவா, நான்காம் தெருவா? தம்பிதுரையைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். அவர் ஐந்தாம் தெரு என்று சொன்னார். எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பொங்கியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் தம்பிதுரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

ஆவணி முடிவதற்குள் மயில் தோகை உதிர்த்துவிட்டு அடங்கிவிட்டது. இப்போது கார்களில் போர்வை இல்லை. ஹாரிகா தன் கண்ணாடியில் முக்கால்வாசியைத்தான் சுத்தம் பண்ணினார். காபிக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு ஆள் உயரத்துக்கு மட்டும் விட்டுவைத்து, அவ்வப்போது புதுத் தாள் ஒட்டுகிறார். வெங்கடபதி வீட்டு மாமர இலை அந்தக் கூரையில் இன்னும் விழுகிறது. வெங்கடபதி தானே விளக்குமாற்றோடு போய்க் கூட்டுகிறார். கூட்டுகிறதில் கால்வாசி அப்படியே விட்டுவிடுகிறார் என்று ஹாரிகா தம்பிதுரையிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

பலகை புளி காணாமல் கறுத்துவிட்டது, ஆனால் இன்னும் சுற்றுகிறது. கார்த்திகை மழை நனைத்ததில் பேரிங் கிரீச்சிட ஆரம்பித்தது. மேற்கு வரிசை வீட்டுக்காரர்கள் தூக்கம் போகிறதென்றார்கள். ஒரு காலையில் தம்பிதுரை தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியோடு பூங்காவுக்குப் போனபோது, அங்கே ஏற்கனவே பொங்கியண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கீழே வெங்கடபதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பிதுரை. இது யாரு பக்கத்துல இருந்து சத்தம் வருதுன்னு சித்தெ கேட்டுச் சொல்லுங்க. இவரு எங்க பக்கம்ங்கறாரு" என்றார் வெங்கடபதி.

தம்பிதுரை காதை வைத்துக் கேட்டார். "கம்பத்துல இருந்து வருதுங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் ஸ்டூலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.